ஓய்வுநாளில் நுழையாத காமிரா: யூதர் இல்லங்களும் அவற்றின் நிழற்படங்களும்

ஏனாத்தூரில் நம் சபையார் கூடும் சிறு ஜெபவீட்டின் சுவரில், முன்னாளில் மிஷனெரிமார் விட்டுச்சென்ற படம் ஒன்று நெடுங்காலமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அறுப்பு வயலில் கதிர் பொறுக்கும் பெண் ஒருத்தி. அவளுக்கு அப்பால் அரிவாளுடன் குனிந்து நிற்கும் ஆடவர் சிலர். பின்னணியில் கல் நிறைந்த மேட்டுநிலம். படத்தின் அடியில் ‘ரூத்’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுநாள் பள்ளி முடிந்த வேளையில் சிறுமி ஒருத்தி அதனை வெகுநேரம் நோக்கி நின்று, “ஐயா, ரூத் அம்மாளை யார் போட்டோ எடுத்தது?” என்று கேட்டாள். அருகிலிருந்த பெரியோர் நகைத்தனர். நமக்கோ நகைப்பு எழவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்தப் படத்திற்குக் கீழே நின்று பிரசங்கித்தவர்கள் நாம். ஒருநாளாவது அவ்வினாவை நாம் கேட்டதில்லை.

அச்சிறுமிக்கு அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையைத் தேடியபோது, யூத மக்களின் அன்றாட வாழ்வையும் அவர்கள் வாழ்ந்த நிலத்தையும் காமிரா எவ்வாறு கண்டது, எதனைக் காணாமற்போயிற்று என்னும் பெரியதொரு வரலாற்றிற்குள் நாம் புகவேண்டியதாயிற்று. அவ்வரலாற்றின் ஒரு முனை எருசலேமில் உள்ளது. மற்றொரு முனை நமக்கு ஓரிரவு இரயில் பயணத் தொலைவிலுள்ள கொச்சியில் உள்ளது. வேதத்தின் யூதரை நாள்தோறும் வாசித்து, வாழும் யூதரை ஒருநாளும் எண்ணிப் பாராத ஊழியர்களாகிய நமக்கு இவ்வரலாறு தேவையானது எனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. அதன்பின் ஐரோப்பியர் அக்கருவியைத் தூக்கிக்கொண்டு முதன்முதல் விரைந்த கீழைநாடுகளில் பாலஸ்தீனமும் ஒன்று. காரணம் வெளிப்படை. வேத வரலாற்றின் உண்மைபற்றி மேலைநாட்டில் ஐயங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. நிலத்தைப் படம்பிடித்துக் காட்டினால் வேதம் மெய்ப்பிக்கப்படும் எனப் பலர் எண்ணினர். பிரான்சிஸ் பிரித் என்னும் ஆங்கிலேயர் 1856 முதல் 1860 வரை மும்முறை எகிப்துக்கும் கீழை நாடுகளுக்கும் சென்றார். 1864-65-இல் சார்லஸ் வில்சன் தலைமையில் நடந்த எருசலேம் நிலஅளவைக் குழுவில் ஜேம்ஸ் மக்டொனால்டு என்னும் படைவீரர் நகரின் மதில்களையும் வாயில்களையும் படமெடுத்தார். 1867-இல் பெலிக்ஸ் பொன்பீஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் பெய்ரூட்டில் கடை திறந்து, யாத்திரிகர் வாங்கிச் செல்வதற்கென ஆயிரக்கணக்கான படங்களை ஆக்கினார்.

இப்படங்களிற் பலவற்றைப் பார்ப்போர், நிலம் வெறுமையாய்க் கிடக்கக் காண்பர். தெருவில் ஆள் இல்லை. சந்தையில் வியாபாரி இல்லை. இதற்கு ஒரு காரணம் தொழில்நுட்பமே. 1851-இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்டறிந்த ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் மருந்தைப் பூசி, அது காயுமுன் காமிராவிலிட்டு ஒளியைப் பாய்ச்சி, உடனே கூடாரத்தின் இருளுக்குள் கொண்டுசென்று கழுவவேண்டும். ஒளி பாய வேண்டிய நேரம் பல விநாடிகள். அவ்வளவு நேரமும் அசையாது நிற்பவை கல்லும் மரமும். நடமாடும் மனிதர் மங்கலாய்க் கரைந்து மறைந்துபோவர். ஆயினும் அது மட்டுமே காரணமென்று கூறின் உண்மையாகாது. படமெடுத்தவர் காண விரும்பியது ஆபிரகாமின் நாட்டை. துருக்கியர் ஆட்சியின்கீழ் அங்கே உழுது விதைத்துக்கொண்டிருந்த அரபியரையோ, எருசலேமின் நெருக்கமான தெருக்களில் மறைநூல் பயின்றுகொண்டிருந்த யூதரையோ அல்ல. ஆகவே மக்கள் தற்செயலாகவும் நீங்கினர், வேண்டுமென்றும் நீக்கப்பட்டனர். ஆளற்ற நிலத்தின் படம் பிற்காலத்தில் எத்தனை தவறான எண்ணங்களுக்கு வித்தாயிற்று என்பதை இறையியல் மாணவர் சிந்திப்பாராக.

மக்கள் படத்தில் வந்தபோதோ, பெரும்பாலும் வேடம் தரித்தே வந்தனர். பெத்லகேம் பக்கத்து ஊர்களின் அரபியப் பெண்கள் ரூத்தாகவும் ராகேலாகவும் நிறுத்தப்பட்டனர். மேய்ப்பன் ஒருவன் இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் ஒவ்வொரு வசனத்திற்கும் ஏற்ப ஆடுகளுடன் நிறுத்தப்பட்டான். அவ்வாறு வரிசைவரிசையாய்ப் படங்களை ஆக்கியவர்களுள் முதன்மையானவர்கள் எருசலேமின் அமெரிக்கக் குடியேற்றத்தார். இக்குடியேற்றத்தை 1881-இல் நிறுவியவர் ஹொரேஷியோ ஸ்பாபர்டும் அவர் மனைவி அன்னாவும். 1873-இல் கப்பல் விபத்தில் தம் நான்கு பெண்மக்களைக் கடலுக்குப் பறிகொடுத்த பின் ஸ்பாபர்டு எழுதிய ஞானப்பாட்டை நம் சபைகளில் அடக்க ஆராதனைகளிற் பாடக் கேட்டிருக்கிறோம். அவர் கூட்டத்தாரே நம் சுவர்ப்படங்களுக்கும் மூலகாரணர் என்பது நம்மிற் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

இதனினும் வியப்புத் தருவது ஒன்றுண்டு. அக்குடியேற்றத்தின் புகைப்படப் பிரிவு, ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்லியம் எருசலேமுக்கு வந்த 1898-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. அதனைத் தொடங்கி நடத்திய எலியா மேயர்ஸ், பம்பாயிலிருந்து சென்று கிறிஸ்தவரான ஓர் இந்திய யூதர். நம் வேத அகராதிகளிலும் சிலைடுகளிலும் நாம் கண்ட ‘பரிசுத்த தேசத்தை’ முதலில் நமக்காகக் கண்ட கண்களுள் இரண்டு, இந்தியக் கண்கள்! அவருக்குப்பின் லூயிஸ் லார்சனும், எரிக் மாட்சனும் அப்பணியைத் தொடர்ந்தனர். மாட்சன் 1946-இல் பாலஸ்தீனத்தை விட்டு அமெரிக்கா சென்றார். அவர் வைத்திருந்த இருபதினாயிரத்திற்கும் மேற்பட்ட தகடுகளும் பிலிம்களும் 1966 முதல் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்திற்குச் சேர்ந்தன.

இவர்களை வேடக்காரர் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. இதே குழுவினர் நிறுத்தி எடுக்காத படங்களும் உள. 1881-82-இல் ஏமன் நாட்டிலிருந்து வறுமையில் வந்த யூதர்களைக் காத் கோத்திரத்தார் என்று நம்பி ஆதரித்தனர். அந்நம்பிக்கைக்கு ஆதாரம் யாதாயினும், ஏமனிய யூதரின் முகங்களும் உடையும் நமக்குப் படங்களாய் எஞ்சின. 1915-இல் வெட்டுக்கிளிகள் பாலஸ்தீனத்தை மூடியபோது, தழைத்து நின்ற அத்திமரத்தையும், வெட்டுக்கிளி தின்று தீர்த்தபின் நின்ற அதே மரத்தையும் அடுத்தடுத்துப் படமாக்கினர். யோவேல் தீர்க்கதரிசியின் முதலாம் அதிகாரத்தை வகுப்பில் விளக்கும்போது, எந்த வியாக்கியானத்தையும்விட இவ்விரு படங்களே மாணவரை மௌனமாக்கின என்பதை நாம் அனுபவத்தில் அறிந்தோம். அந்த ஆண்டின் பஞ்சத்தில் அவ்வூர் யூதரும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒருங்கே பட்டினி கிடந்தனர்.

காமிராவின் பின்னால் நின்றவர்களுள் மற்றொருவரையும் குறிப்பிடாமற் செல்லலாகாது. ஒதெசாவில் 1827-இற் பிறந்து, எருசலேமுக்கு வந்து கைக்கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்த மெண்டல் தினஸ் என்னும் யூதர், 1849-இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அதனால் தம் சமூகத்தாரின் உறவையும், உறவோடு தொழிலையும் இழந்தார். லண்டன் யூதர் மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் கிரகாம் என்பவர் அவருக்குப் புகைப்படக் கலையைக் கற்பித்தார். எருசலேமில் குடியிருந்து படமெடுத்த முதல் தொழிலாளர்களுள் தினஸ் ஒருவர். பின்னர் அவர் அமெரிக்கா சென்று, பெயரை மாற்றிக்கொண்டு பிரசங்கியானார். அவருடைய படங்கள் மறக்கப்பட்டன. 1989-இல் மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில், வீட்டுப் பழைய பொருள்கள் விற்பனையில் ஒரு பெட்டியைத் திறந்தபோது அவருடைய கண்ணாடித் தகடுகள் வெளிவந்தன. தம் மக்களால் ஒதுக்கப்பட்ட மனிதர், தம் மக்களின் நகரை உலகுக்காகக் காத்துவைத்தார். மனமாற்றத்தின் விலை யாது என்பதை மிஷனெரி அறிக்கைகள் ஒருவகையாகக் கூறும். அந்தப் பெட்டி வேறுவகையாகக் கூறுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இந்தியாவின் யூதரைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் ஒன்று பம்பாயில் 1856-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. கொங்கணக் கடற்கரையில் பல நூற்றாண்டுகள் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமையில் மட்டும் செக்கை நிறுத்தியமையால் ‘சனிவார் தேலி’ என்று அயலாரால் அழைக்கப்பட்ட பெனே இஸ்ரவேல் மக்களின் ஆசிரியர்கள் அதிலுள்ளனர். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் தரித்து, மராத்திய நாட்டுப் பெரியோர் போலவே காட்சியளிக்கின்றனர். இவர்கள் பணியாற்றியவற்றுள் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் மிஷன் பள்ளியும் ஒன்று. டாக்டர் ஜான் வில்சன் அம்மக்களுக்கு எபிரெயமும் பிற கல்வியும் கிடைக்க உழைத்தவர். அதே ஸ்காட்லாந்து மிஷனே, 1837-இல் ஜான் ஆண்டர்சன் சென்னைக்கு வந்தது முதல், நம் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் பள்ளிகளை நிறுவியது. ஆகவே அப்படத்தில் அமர்ந்திருக்கும் யூத ஆசிரியரும், நம் முன்னோருக்கு எழுத்தறிவித்த உபாத்தியாயரும் ஒரே திருச்சபையின் ஊதியம் பெற்றவர்கள். இவ்வுறவை நம்மவர் எவரும் நினைவிற் கொண்டதாகத் தெரியவில்லை.

கொச்சி யூதரின் வரலாறு படத்தால் தொடங்குவதன்று; செப்பேட்டால் தொடங்குவது. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு பொறிக்கப்பெற்று ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றபின், கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஈசுப்பு இரப்பான், அதாவது யோசேப்பு ரப்பான், என்பவருக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்தான். பல்லக்கு, குடை, வடுகப் பறை, காகளம், பகல்விளக்கு, நடைபாவாடை, தோரணம் முதலியன அவற்றுள் அடங்கும். எழுத்து வட்டெழுத்து, மொழி நம் மொழிக்கு மிக நெருங்கியது. எபிரெயப் பெயரொன்று முதன்முதல் நம் எழுத்துக் குடும்பத்தில் அரசாணையாகப் பொறிக்கப்பட்டதை எண்ணும்போது நமக்கு உள்ளம் சிலிர்க்கிறது. சென்னையிலும் யூதர் இருந்தனர்; பதினேழாம் நூற்றாண்டில் பவழ வாணிகம் செய்த அவர்களின் நினைவாகவே பவழக்காரத் தெரு அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவர்கள் படக்காலத்திற்கு முன்னரே மறைந்துவிட்டனர். கல்லறைக் கற்களன்றி நாம் காண வேறொன்றில்லை.

கொச்சியிலோ காமிரா வந்தபோதும் மக்கள் இருந்தனர். அப்படங்களில் நாம் காண்பன யாவை? மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பெற்ற பரதேசி ஜெப ஆலயம். அதன் தரையில் 1762-இல் எசேக்கியேல் ரகாபி சீனத்துக் காண்டன் நகரிலிருந்து வரவழைத்துப் பதித்த நீலமும் வெண்மையுமான ஓடுகள். கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகளில் தேங்காயெண்ணெய். உள்ளே நுழைவோர் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைகின்றனர், நம் ஊர்க் கோயில்களிலும் ஜெபவீடுகளிலும் போல. ஆடவர் முண்டு உடுத்தியிருக்கின்றனர். பெண்கள் முண்டும் குப்பாயமும் அணிந்திருக்கின்றனர். மணமகளின் கழுத்தில் தாலி! நடுவிலுள்ள வாசிப்பு மேடையேயன்றி, பெண்கள் அமரும் மேல்தளத்தின் முன்பாக இரண்டாவது மேடை ஒன்று கேரளத்து ஜெப ஆலயங்களுக்கே உரிய சிறப்பாக அமைந்துள்ளது. திருநாள்களில் நியாயப்பிரமாணம் அங்கிருந்து வாசிக்கப்பட்டது. பெண்களுக்கென்று மலையாள மொழியில் பாட்டுகள் இருந்தன. அவர்கள் அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்துக் கலியாணங்களிலும் திருநாள்களிலும் பாடினர். அக்குறிப்பேட்டைக் கையில் ஏந்தி அமர்ந்த பாட்டியின் முகமே நமக்குத் தேவையான வேதப்படம் என்று நாம் சொல்லத் துணிவோம். ரூபி தானியேல் என்னும் கொச்சி யூதப் பெண்மணி, தம் நினைவுகளை 1995-இல் வெளிவந்த நூலில் கூறியதோடு, அப்பாட்டுகளுட் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தும் தந்தார்.

எனினும் கொச்சி யூதரைப் படமெடுத்தோர் எல்லாரும் அன்பினால் எடுத்தவரல்லர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். யூதரைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. தலையின் நீள அகலத்தையும் மூக்கின் அளவையும் கருவியால் அளந்து மக்களை வகைப்படுத்திய காலம் அது. அத்தொகுதிகளின் பெரும்பாலான படங்களில் மனிதரின் பெயர் இல்லை. வகையின் பெயர் மட்டுமே உண்டு. ‘வெள்ளை யூதர்’, ‘கருப்பு யூதர்’ என்னும் சொற்கள் தர்ஸ்டன் படைத்தவையல்ல, முன்னமே வழங்கியவை. ஆனால், வாழ்வில் நாள்தோறும் வாதாடப்பட்டும் மறுக்கப்பட்டும் வந்த ஒரு பிரிவினை, அளவுகளோடும் படங்களோடும் அச்சேறியவுடன் இயற்கையின் விதிபோலத் தோற்றமளித்தது.

அப்பிரிவினை எத்தன்மையது என்பதை நாம் மழுப்பாமற் கூறவேண்டும். பதினாறாம் நூற்றாண்டு முதல் ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்களின் வழியினரான பரதேசி யூதர், அவர்களுக்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்ட மலபார் யூதருடன் மணவுறவு கொள்ளவில்லை. பரதேசிச் சபைக்குள்ளேயே, விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியாரை ‘மெசுக்ராரிம்’ என்று பிரித்து, ஜெப ஆலயத்தின் முன்னறையாகிய அசாராவில் தரையில் அமர்த்தினர். அவர்கள் நியாயப்பிரமாணத்தை வாசிக்க அழைக்கப்படவில்லை. இவ்வகுப்பிற் பிறந்தவரே ஆபிரகாம் பாராக் சேலம் (1882–1967). கொச்சி யூதருள் முதன்முதற் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். சென்னையிலே சட்டம் பயின்றவர். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் அமர்ந்தவர். 1929-இல் லாகூர் காங்கிரசிற்குச் சென்று திரும்பியவர். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, தம் ஜெப ஆலயத்திற்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். அவரை ‘யூத காந்தி’ என்று பலர் அழைத்தனர். 1930-களிலும் 1940-களிலும் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சட்டமன்றத்தில் இருக்கை பெற்ற வழக்கறிஞருக்குத் தம் சொந்த ஜெப ஆலயத்தில் இருக்கை இல்லாதிருந்தது!

இதனை எழுதும்போது நமக்கு ஒரு பழைய படம் நினைவுக்கு வருகிறது. நாம் ஊழியத்திற் புதிதாய்ச் சேர்ந்த நாளில், இவ்வட்டாரத்துச் சபை ஒன்றின் ஆண்டுவிழாவில் எல்லாரையும் நிறுத்திப் படமெடுத்தனர். நாற்காலியில் அமர்வோர் யார், பின்னே நிற்போர் யார், தரையிற் குந்துவோர் யார் என்பதைப் படமெடுத்தவர் தீர்மானிக்கவில்லை. மூப்பர் இருவர் வந்து கைகாட்டினர். தரைக்கு அனுப்பப்பட்டோர் எந்தத் தெருவினர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நாம் யாதொன்றும் கூறாமல் நடு நாற்காலியில் அமர்ந்தோம். அப்படம் இன்றும் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. மனைவியார் அதனைச் சட்டமிட்டு மாட்டலாமென்று இருமுறை கேட்டும் நாம் இசையவில்லை. கொச்சியின் அசாராவைக் குறைகூற நமக்குள்ள தகுதி அவ்வளவே.

யூத இல்லத்தின் நிழற்படங்களைத் தொடர்ந்து பார்த்துவந்தபோது, வெகுநாள் கழித்தே நமக்கு ஒன்று புலப்பட்டது. கலியாணம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் இருக்கின்றனர்; ஓய்வுநாள் இல்லை. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளும் யூதர் வெள்ளிக்கிழமைச் சூரியன் அஸ்தமித்தது முதல் சனிக்கிழமை இருள் சூழும்வரை வேலை செய்யலாகாது. தீ மூட்டலாகாது, எழுதலாகாது; படமெடுப்பதும் அவ்வாறே விலக்கப்பட்டது. ஆகவே ஓய்வுநாள் மேசை, மூடிய அப்பம், எரியும் விளக்கு, மக்களை ஆசீர்வதிக்கும் தந்தை என்று நாம் காணும் படங்கள், அந்தி சாயுமுன் எடுத்தவையாகவோ, வேறொரு நாளில் நடித்துக் காட்டியவையாகவோ, அந்நியர் ஒருவர் இசைவின்றி எடுத்தவையாகவோதான் இருத்தல் கூடும். பாவநிவிர்த்தி நாளுக்கும் இது பொருந்தும். ஒரு சமூகத்தின் வாழ்வுக்கு எது நடுவாயிருக்கிறதோ, அதுவே அதன் படத்தொகுப்பில் வெற்றிடமாயிருக்கிறது.

வரலாறு எழுதுவோர் இதனை நெஞ்சில் இருத்தல் வேண்டும். படங்களை மட்டும் கொண்டு யூத வாழ்வை எழுதப் புகுவோர், ஏழில் ஒரு பங்கு வாழ்நாளைத் தவறவிட்டவராவர். அதுவும் அம்மக்கள் எந்தப் பங்குக்காக மற்ற ஆறையும் உழைத்தனரோ அந்தப் பங்கை. இடைப்பிறவரலாக ஒன்று: ஞாயிற்றுக்கிழமையை ‘ஓய்வுநாள்’ என்று அழைக்கும் நம் தமிழ்ச் சபைகளில், ஆராதனை முடிந்ததும் ஞானஸ்நானமோ திடப்படுத்தலோ ஆயின் படம் எடுக்காது கலைவதில்லை. இப்பொழுது ஆராதனைக்கு நடுவிலும் கைபேசிகள் உயர்கின்றன. இது சரியோ தவறோ என்று நாம் வழக்காட வரவில்லை.

ஐரோப்பாவின் யூதரைப் பற்றிச் சிலவே கூறுவோம். அது தனிக் கட்டுரைக்குரியது. 1912 முதல் 1914 வரை எழுத்தாளர் அன்ஸ்கி என்பவர் உக்ரேனியப் பகுதிகளின் யூதச் சிற்றூர்களுக்கு ஆராய்ச்சிக் குழுவொன்றை அழைத்துச் சென்றார். சாலமோன் யுதோவின் என்னும் இளைஞர் கம்மியரையும் நெசவாளரையும் பாடசாலைச் சிறுவரையும் கல்லறைக் கற்களையும் படமாக்கினார். போலந்தில் ஆல்டர் கட்சிஸ்னே இதே பணியைச் செய்தார். 1941-இல் அவர் அடித்துக் கொல்லப்பட்டார். வார்சாவிலிருந்த அவருடைய படங்கள் அழிந்தன. நியூயார்க் செய்தித்தாளுக்கு அனுப்பியிருந்த சுமார் எழுநூறு படங்களே தப்பின. லோட்ஸ் கெட்டோவுக்குள் அடைபட்டிருந்த ஹென்றிக் ரோஸ், 1944-இல் தம் நெகட்டிவ்களைப் பெட்டியிலிட்டு மண்ணிற் புதைத்து, உயிர்பிழைத்து, 1945-இல் தாமே தோண்டி எடுத்தார். ஆறாயிரத்தில் ஏறக்குறையப் பாதி ஈரத்தால் கெட்டிருந்தன. ரோமன் விஷ்னியாக் 1935 முதல் 1938 வரை எடுத்த படங்கள் 1983-இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் கண்ணீர் வரவழைத்தன. அவற்றிற் சிலவற்றின் விளக்கக் குறிப்புகள் உண்மைக்கு ஒவ்வாதவை என்பதும், வறுமையிலும் பக்தியிலும் வாழ்ந்தோரையே நூல் தெரிந்துகாட்டி, புதுமுறையில் வாழ்ந்த யூதரின் படங்களை விட்டுவிட்டது என்பதும் பின்னர் ஆராய்ச்சியாளரால் வெளிப்பட்டன. அழிந்தோரின் நினைவுக்கும் ஒப்பனை நேர்கிறது. ரூத்துக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது எனலாம்.

கொச்சி யூதரை எவரும் அழிக்கவில்லை. இந்திய மண்ணில் அவர்களை அயலார் துன்புறுத்தியதில்லை என்பதை அவர்களே நன்றியுடன் கூறுவர். போர்த்துக்கீசியர் செய்த கொடுமை ஒன்றே விலக்கு. அவர்கள் தாமாகவே சென்றனர். 1950-களில் சுமார் இரண்டாயிரத்து நானூறு பேர், பெரும்பாலும் மலபார் யூதர், குடும்பம் குடும்பமாக இஸ்ரவேலுக்குப் பெயர்ந்தனர். புறப்படுமுன் ஸ்டுடியோவிலும் ஜெப ஆலய முற்றத்திலும் படமெடுத்துக்கொண்ட குடும்பங்கள் பல. இப்படங்களில் எவரும் வேடம் தரிக்கவில்லை; தம்மிடமிருந்த நல்ல உடையைத் தரித்திருக்கின்றனர். கேரளத்துக் கழிமுகத்தின் நீர்ப்பரப்பையும் தென்னையையும் விட்டவர்களிற் சிலர், பெயெர்செபாவுக்கு அருகே நெகேவ் பாலைநிலத்திலுள்ள நெவாத்திம் என்னும் சிற்றூரில் 1954-இல் குடியேறினர். ஆபிரகாம் துரவு தோண்டிய நிலம் அது. வந்தவர்களோ தண்ணீருக்குக் குறைவே காணாதவர்கள். பிற்காலத்தில் அவர்கள் அங்கே பசுமைக்குடில் அமைத்து மலர் வளர்த்தனர். அக்குடியேற்றத்தின் இளமைக்காலப் படங்களில், தகரக் கொட்டகையின்முன் முண்டு உடுத்த முதியவர் ஒருவர் மரமற்ற வெளியை நோக்கி நிற்பதைப்போல் பேசும் நிலக்காட்சி வேறில்லை. பிரித் எடுத்த வெறுமையான நிலமும் இதுவே. ஆனால் இதில் ஒருவர் நிற்கிறார். அவருக்கு அங்கே வெயில் சுடுகிறது.

மட்டாஞ்சேரியில் 1544-இல் எழுந்த கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புற மரவேலைப்பாடு, எருசலேமிலுள்ள இஸ்ரவேல் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு 1995 முதல் அங்கே காட்சிக்கு உள்ளது. ஆளின்றிச் சிதைந்த அக்கட்டடத்தின் ஒரு பகுதி 2019-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. பரதேசி ஜெப ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்கு 1968-இல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வந்திருந்தார். இந்திய அஞ்சல்துறை அவ்வாலயத்தின் உட்புறத்தைக் காட்டும் தபால்தலை ஒன்றை வெளியிட்டது. அது இருபது காசு விலையுள்ளது. கொச்சி யூதரின் வாழ்விடத்தை நம் நாட்டுச் சிற்றூர் தபால் நிலையங்கள்வரை கொண்டுசென்ற படம் அதுவே எனலாம்.

அச்சிறுமி இப்போது காஞ்சிபுரத்தில் கல்லூரியிற் படிக்கிறாள். சென்ற அறுப்பின் பண்டிகைக்கு ஜெபவீட்டுக்கு வெள்ளையடித்தபோது சுவர்ப்படத்தை இறக்கினோம். கண்ணாடியைத் துடைத்து, ‘ரூத்’ என்னும் சொல்லுக்குக் கீழே ஒரு தாளை ஒட்டினோம்; “பெத்லகேம் நாட்டுக் கிராமத்தார். ரூத்தின் வரலாற்றை விளக்குவதற்காக அறுப்பு வயலில் நிறுத்தி எடுத்த படம். இவர்களுடைய பெயர்கள் எழுதிவைக்கப்படவில்லை” என்று அவளே தன் கையெழுத்தில் அத்தாளை எழுதினாள். பக்கத்தில் அந்த இருபது காசுத் தபால்தலையையும், நெவாத்திமின் பழைய படம் ஒன்றின் நகலையும் ஒரே சட்டத்துள் வைத்து மாட்டியிருக்கிறோம். மூன்றாவதாக எதை மாட்டுவது என்று கேட்டாள். நம் வீட்டுப் பெட்டியிலிருக்கும் ஆண்டுவிழாப் படத்தை அவளிடம் எடுத்துக் காட்டினோம். தரையில் அமர்ந்திருப்பவர்களில் இரண்டாமவர் தன் பாட்டனார் என்று அவள் சொன்னாள்.